வேட்டைக்கு பைனாகுலர்: தவணையில் உயர்ரகமா, கையிலுள்ள காசுக்கு நடுத்தரமா?

கேள்வி: அடுத்த பருவத்தில் முதல்முறையாக உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகப்போகிறேன். உரிமக் கட்டணம், பயணம், உடை, காலணி என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சேமித்து வைத்திருக்கிறேன். அதில் கால் பங்கு பைனாகுலருக்கு. கடையில் மூன்று காட்டினார்கள். முதலாவது 10–30×60 ஜூம் (10 முதல் 30 மடங்கு உருப்பெருக்கம், 60 மி.மீ. முன் லென்ஸ்), என் ஒதுக்கீட்டில் பாதிகூட ஆகாது. இரண்டாவது ஒரு 8×42, ஒதுக்கீட்டுக்குள் சரியாக அடங்குகிறது. மூன்றாவது பெயர்பெற்ற ஐரோப்பிய நிறுவனத்தின் 10×42, விலை என் ஒதுக்கீட்டைப்போல எட்டு மடங்கு. ஆனால் 12 மாத ‘வட்டியில்லாத் தவணை’ உண்டாம். பல வருடங்களாக வேட்டைக்குப் போய்வரும் என் மைத்துனர், “வாங்கினா ஒரே தடவை நல்லதா வாங்கிடு” என்கிறார். நான் மூக்குக்கண்ணாடி போடுபவன். எதை வாங்கட்டும்? நானும் அவரும் பாதிப் பாதி போட்டு மூன்றாவதை வாங்கினால் சரிவருமா?

பதில்: இரண்டாவதை, ரொக்கமாக. ஆனால் 8×42 என்று எழுதியிருப்பதாலேயே அது நல்ல பொருள் ஆகிவிடாது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தத் தவணை.

கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “முழுப் பணமும் இப்போதே கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?” விலை 100 என்று வைத்துக்கொள்வோம். ரொக்கத்துக்கு 92 என்று அவர் சொன்னால், நீங்கள் உண்மையில் கடனாக வாங்குவது 92தான். 12 மாதத்தில் திருப்பிக் கொடுப்பது 100. கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 15 முதல் 16 சதவீதத்துக்குள் வருகிறது. செயலாக்கக் கட்டணம் என்று தனியாக ஏதாவது பிடித்தால் இன்னும் ஏறும். வெளிப்படையாக வட்டி போடும் கடைகளிலும் கவனம் வேண்டும். ‘12 சதவீதம் ஃபிளாட்’ என்றால், மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முழு அசலுக்கும் வட்டி வாங்குகிறார்கள் என்று பொருள். 12 மாதத் தவணையில் அது உண்மையில் 21 சதவீதத்துக்கும் மேல்.

வட்டியை விடுங்கள். ஒதுக்கீட்டைப்போல எட்டு மடங்கு என்றால், உங்கள் மொத்தப் பருவச் செலவைப்போல இரண்டு மடங்கு. இந்தப் பழக்கம் உங்களுக்கு ஒட்டுமா என்பதே இன்னும் தெரியாது. முதல் பருவத்தோடு போதும் என்று நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. பருவம் சில வாரங்களில் முடிந்துவிடும், தவணை அடுத்த பருவம் வரை ஓடும்.

சரி, எட்டு மடங்கு கொடுத்தால் எட்டு மடங்கு நன்றாகத் தெரியுமா? தெரியாது. ஏன் என்று புரிந்தால் உங்கள் பணம் எங்கே போகவேண்டும் என்பதும் புரிந்துவிடும். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத வெளிச்சம் பிரதிபலித்து வீணாகிறது. பைனாகுலரின் ஒவ்வொரு குழலிலும் இப்படிப் பத்துப் பரப்புகளாவது இருக்கும். பத்து என்றே வைத்தாலும் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் கண்ணுக்கு வந்து சேராது. இதைத் தடுக்கும் பூச்சை ஜெர்மனியின் ஸைஸ் (Zeiss) நிறுவனத்தில் 1935-இல் அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்டுபிடித்தார். நேரான குழல் கொண்ட ரூஃப் பிரிஸம் (பிரிஸம் என்பது உள்ளே படத்தை நிமிர்த்தும் கண்ணாடிக் கட்டி) வகையில் படம் மங்கலாவதைச் சரிசெய்யும் ஃபேஸ் கோட்டிங்கை அதே நிறுவனம் 1988-இல் கொண்டுவந்தது. ஒரு காலத்தில் மிக உயர்ந்த விலைக்கு மட்டுமே கிடைத்த இந்த இரண்டும் இன்று நடுத்தர விலைப் பொருட்களில் சாதாரணமாக வருகின்றன. அதனால் மட்டமான ரகத்திலிருந்து நடுத்தரத்துக்கு ஏறும்போது கிடைக்கும் வித்தியாசம் மிகப் பெரியது. நடுத்தரத்திலிருந்து உச்சத்துக்கு ஏறும்போது கிடைப்பது, படத்தின் ஓரம்வரை கூர்மை, பொழுது சாயும் நேரத்தில் இன்னும் சில நிமிடங்கள், நிறத்தில் கொஞ்சம் தெளிவு. இருபது வருடம் பார்த்துப் பழகிய கண் அதற்குக் காசு கொடுக்கும். முதல் பருவத்துக் கண்ணுக்கு அது அவசியமில்லை.

அந்த ஜூமை மறந்துவிடுங்கள். மூன்றிலும் பணம் வீணாவது அதில்தான், விலை குறைவாக இருந்தாலும். முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 60-ஐ 30-ஆல் வகுத்தால் 2 மி.மீ. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணின் பாவை இளம் வயதில் 7 மி.மீ. வரைகூட விரியும், வயதாக ஆகக் குறையும். மான்கள் அதிகம் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். அந்த நேரத்தில் 2 மி.மீ. வழியாகப் பார்த்தால் இருட்டுதான் தெரியும். அதுவும் 30 மடங்கில் கை நடுக்கமும் 30 மடங்கு. 8×42-இல் ஒளிவட்டம் 5.25 மி.மீ., 10×42-இல் 4.2. பெட்டியின்மேல் பெரிய எண்ணைப் போட்டால் விற்கும் என்று விற்பவருக்குத் தெரியும். வேட்டையில் உங்களுக்கு வேண்டியது வெளிச்சம்.

8-ஆ 10-ஆ என்பதைப் பெரிய சண்டையாக்க வேண்டாம். மரங்கள் அடர்ந்த காடென்றால் 8, தொலைதூரம் தெரியும் வெட்டவெளி மலைச்சரிவு என்றால் 10. தெரியவில்லையா, 8. பார்வைப் பரப்பு அகலம், நடுக்கம் குறைவு. மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கும் பொதுவாக இதுவே வசதி. விவரத்தாளில் ‘ஐ ரிலீஃப்’ எவ்வளவு என்று பாருங்கள், கண்ணுக்கும் கண்வில்லைக்கும் நடுவில் விடக்கூடிய இடைவெளி அது. உங்களுக்குக் குறைந்தது 15, முடிந்தால் 17 மி.மீ. வேண்டும். இல்லாவிட்டால் சாவித்துவாரம் வழியாக எட்டிப் பார்ப்பதுபோல வட்டத்தின் நடுப்பகுதி மட்டும்தான் தெரியும். காசு முழுப் படத்துக்கும் கொடுத்திருப்பீர்கள்.

இப்போது அந்த 8×42. ‘ஃபுல்லி மல்டி-கோட்டட்’ என்று எழுதியிருக்க வேண்டும். வெறும் ‘கோட்டட்’ அல்லது ‘மல்டி-கோட்டட்’ என்றால் சில பரப்புகளை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். ரூஃப் பிரிஸம் என்றால் ஃபேஸ் கோட்டிங் இருக்கிறதா என்று கேளுங்கள். பிரிஸம் பாக்-4 (BaK-4) என்ற நல்ல ரகக் கண்ணாடியா என்பதை நீங்களே சோதிக்கலாம்: கையை நீட்டி, வெளிச்சமான பக்கம் பிடித்து, கண்வில்லையில் தெரியும் ஒளிவட்டத்தைப் பாருங்கள். முழு வட்டமாக இருந்தால் நல்லது; ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம்போலத் தெரிந்தால் அது மலிவான கண்ணாடியாக இருக்கலாம், அதைத் திருப்பி வையுங்கள். நைட்ரஜன் நிரப்பி நீர்புகாமல் அடைத்தது வேண்டும். குளிரும் வெப்பமும் மாறும்போது உள்பக்கம் மூடுபனி படிந்தால் அதைத் துடைக்க வழியில்லை. சிவப்பாகப் பளபளக்கும் லென்ஸ், ஃபோகஸே செய்ய வேண்டாம் என்ற விளம்பரம், இரண்டும் வேண்டாம்.

இன்னொரு சோதனைதான் மிக முக்கியம். தொலைவில் ஒரு கிடைக்கோட்டை, ஒரு கூரை விளிம்பை, இரண்டு கண்ணாலும் பாருங்கள். மெல்ல பைனாகுலரை முகத்திலிருந்து விலக்குங்கள். கோடு மேலும் கீழுமாகப் பிரிந்தால் இரண்டு குழல்களும் ஒரே திசையில் இல்லை. மலிவான பொருட்களில் அடிக்கடி வரும் குறை இது. ஒரு மணி நேரத்தில் தலைவலி வரும், பிறகு அதை யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். கடையில் திருப்பிக் கொடுக்கும் அவகாசம் எத்தனை நாள் என்று கேட்டு வாங்குங்கள். வாங்கிய முதல் மாலையே, வெளிச்சம் மங்கும்போது வெளியே போய்ப் பாருங்கள். கடையின் விளக்கொளியில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

அந்த 8×42 இந்தச் சோதனைகளில் தோற்றால் விலையை ஏற்றாதீர்கள், வகையை மாற்றுங்கள். தோள் அகன்ற பழைய பாணி போரோ பிரிஸம் வகைக்கு ஃபேஸ் கோட்டிங்கும் தேவையில்லை, பிரிஸத்தின்மேல் வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும் ஆடிப் பூச்சும் தேவையில்லை. தயாரிப்பாளருக்குச் செலவு குறைவு, அதனால் குறைந்த விலையில் அதே அளவு ரூஃப் பிரிஸத்தைவிடப் படம் பெரும்பாலும் நன்றாக இருக்கும். பருமன் கூடும், நீர்புகா வசதி எல்லாவற்றிலும் இருக்காது. அழகு பார்க்காதவர்களுக்கு நல்ல பேரம்.

ஒதுக்கீட்டில் கொஞ்சம் மீந்தால் மார்போடு பொருந்தும் ஹார்னஸ் பட்டை ஒன்று வாங்குங்கள். 42 மி.மீ. பைனாகுலர் 600 முதல் 750 கிராம் வரை இருக்கும். நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கினால் தெரியும். பைனாகுலரை மிச்சம் பிடித்துவிட்டு துப்பாக்கியின் ஸ்கோப் வழியாகவே தேடிக்கொள்ளலாம் என்று மட்டும் யாரும் சொல்லிக் கேட்காதீர்கள். புதருக்குப் பின்னால் அசைவது மனிதனாக இருந்தால் துப்பாக்கி அவரை நோக்கித்தான் இருக்கும்.

உங்கள் மைத்துனர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. அந்த உச்ச ரகங்கள் மறுவிற்பனையில் நல்ல விலை போகும், பல்லாண்டு உழைக்கும். ஆனால் அது பழையதை வாங்கவும் ஒரு காரணம்தானே? இரண்டு மூன்று பருவம் போகட்டும். மாதாமாதம் தவணை கட்டுவதாக நினைத்து அந்தத் தொகையில் கொஞ்சத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். அப்போதும் ஆசை இருந்தால், இந்த 8×42-ஐ விற்றுவிட்டுப் பழைய உயர்ரகம் ஒன்றை ரொக்கத்தில் வாங்கலாம். வாங்கும்போது விளக்கை உள்ளே அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். சில நிறுவனங்கள், உதாரணத்துக்கு வோர்டெக்ஸ், வாங்கியவர் யாராக இருந்தாலும் பொருளோடு சேர்ந்து கைமாறும் ஆயுட்கால உத்தரவாதம் தருகின்றன. விற்கும்போது அதற்கும் ஒரு விலை உண்டு.

பாதிப் பாதி யோசனை வேண்டாம். அதிலும் உங்கள் பங்கு ஒதுக்கீட்டைப்போல நான்கு மடங்கு, அதாவது முழுப் பருவச் செலவு. விடியலில் முதல் அரை மணி நேரம் இருவருக்கும் ஒரே சமயத்தில் வேண்டும். உங்கள் கண்ணுக்குத் திருத்தி வைத்த ஃபோகஸும் இரண்டு குழல்களின் இடைவெளியும் ஒவ்வொரு கைமாற்றத்திலும் கலையும். கீழே விழுந்து உடைந்தால் செலவு யாருடையது என்பதை இப்போதே எழுதிவைக்க நீங்கள் இருவரும் தயாரா? பல வருடங்களாக வேட்டைக்குப் போகிறவரிடம் ஏற்கனவே ஒரு பைனாகுலர் இருக்கும். ஒரு மாலை அதை இரவல் கேளுங்கள். உங்களுக்கு 8 போதுமா, 10 வேண்டுமா என்பது செலவில்லாமல் தெரிந்துவிடும்.