சுகர், பிரஷர், முழங்கால் வலி: உம்மா கடற்கரை மணலில் நடக்கலாமா?

கேள்வி: என் உம்மாவுக்கு 57 வயது. கீழக்கரையில் இருக்கிறோம். பத்து வருடமாகச் சுகர். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை போடுகிறார். பிரஷருக்கு அட்டினோலால். இரண்டு முழங்காலிலும் வலி. பாதம் மதமதவென்று இருக்கிறது, இரவில் எரிகிறது என்கிறார். தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதனால் சுபுஹு தொழுததும் மாத்திரையைப் போட்டு, வெறும் டீயைக் குடித்துவிட்டு, பக்கத்து வீட்டு லாத்தாவோடு கடற்கரைக்குப் போகிறார். மணலில் வெறுங்காலோடு நடந்தால் மதமதப்பு போய்விடும் என்று லாத்தா சொன்னாராம். போன வாரம் பாதி வழியில் வியர்த்துக் கொட்டி, தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலியும் கூடிவிட்டது. நடையை நிறுத்திவிடலாமா?

பதில்: நடையை நிறுத்த வேண்டாம். மணலையும் வெறுங்காலையும் நிறுத்துங்கள். மாத்திரை போடும் நேரத்தைப் பற்றி இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். இந்த மூன்றும் சரியானால் உம்மா தாராளமாக நடக்கலாம்.

முதலில் அந்த வியர்வை. அது பித்தமுமல்ல, வெயிலுமல்ல. பெரும்பாலும் சுகர் இறங்கியதுதான். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா, இல்லையா என்று அது பார்க்காது. மாத்திரை ஒரு பக்கம் சுகரை இறக்க, நடக்கும் தசைகள் மறுபக்கம் அதை இழுத்துக்கொள்ள, உள்ளே போனது ஒரு கிளாஸ் டீ மட்டும் என்றால் என்ன ஆகும்? மெட்ஃபார்மினை மட்டும் போடுபவர்களுக்கு இந்தத் தொல்லை அரிது.

இதில் அட்டினோலால் இன்னொரு சிக்கல். சுகர் இறங்கும்போது நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அதை வைத்துத்தான் எல்லோரும் சுதாரித்துக்கொள்கிறார்கள். அட்டினோலால் அந்தப் படபடப்பையும் நடுக்கத்தையும் அமுக்கிவிடும். வியர்வையை மட்டும் அமுக்காது. எனவே உம்மாவுக்குத் திடீரென்று சில்லென வியர்த்தால், அதுதான் அவருக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. உடனே உட்கார வேண்டும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துச் சுகர் பார்த்து, இன்னும் 70க்குக் கீழே இருந்தால் மறுபடி அதே அளவு. தெளிந்ததும் இரண்டு இட்லியாவது சாப்பிட வேண்டும். பிஸ்கட்டும் சாக்லேட்டும் இந்த அவசரத்துக்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். ஒரு சர்க்கரைப் பொட்டலம் எப்போதும் கையில் இருக்கட்டும், லாத்தாவுக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும்.

காலையில் நடக்கத்தான் வேண்டும் என்றால் மாத்திரையை நடந்து முடித்து வந்து, பசியாறுவதற்குச் சற்று முன் போடலாம். இரவிலும் கிளிமிபிரைடு போடுகிறார் என்றால் கிளம்புமுன் விரலில் குத்திப் பார்ப்பது நல்லது. 90க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு, சிறிது நேரம் கழித்துப் போகட்டும். 300க்கு மேல் இருந்து, தாகமோ சோர்வோ இருந்தால் அன்று ஓய்வு. அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். நடக்க ஆரம்பித்ததைச் சொன்னால் டாக்டரே குறைக்கக்கூடும்.

இனி பாதம். எனக்கு அதிகக் கவலை இதில்தான். மதமதப்பு என்றால் ரத்தம் ஓடவில்லை, தேய்த்துவிட்டால் சரியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். பத்து வருடச் சுகரில் வரும் மதமதப்பும் எரிச்சலும் பெரும்பாலும் நரம்பு பழுதானதால் வருபவை. மணலில் எவ்வளவு உரசினாலும் அது திரும்பாது. இன்னொரு காரணமும் உண்டு: மெட்ஃபார்மினைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதனாலும் கால் மரத்துப்போகும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குறைவென்றால் ஈடுகட்டிவிடலாம்.

உணர்ச்சி குறைந்த காலுக்கு நம் கடற்கரை நல்ல இடமல்ல. உடைந்த சிப்பி, மீன் முள், தூண்டில் கொக்கி, பாட்டில் சில்லு எல்லாம் மணலுக்குள் கிடக்கும். கடலில் பாசி எடுக்கப் போகும் பெண்களே காலில் ரப்பர் செருப்பும் கைவிரலில் துணிச் சுற்றும் இல்லாமல் இறங்குவதில்லை. ஊருக்குள் வந்தால் சீமைக் கருவேல முள். சாதா ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறிவிடும். வலி தெரிந்தவர் உடனே பிடுங்கிப் போடுவார். உங்கள் உம்மா அதோடு நாலு நாள் நடப்பார். பிறகு காய்ச்சலோடு வருவார், கால் வீங்கியிருக்கும். கடல் தண்ணீரில் வைத்தால் புண் ஆறும் என்பதையும் நம்ப வேண்டாம். உப்புத் தண்ணீரில் வாழும் சில கிருமிகள் சுகர்காரர் புண்ணில் ஏறினால் மிக வேகமாகப் பரவும்.

எந்தச் செருப்பு? எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே மெத்தென்ற ரப்பர், அடியில் கெட்டியான அடிப்பாகம், குதிகாலுக்குப் பின்னால் வார். ஷூ என்றால் விரல் பக்கம் அகலமாக, நீளமான விரலுக்கு முன் அரை அங்குலம் இடம் விட்டு. மாலையில் போய் வாங்குங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போதுதான் சரியான அளவு தெரியும். காலுறை வெள்ளையாக இருந்தால் ரத்தம் கசிந்தால் கண்ணில் படும். போடுமுன் ஷூவுக்குள் கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தினமும் இரவில் உள்ளங்காலை நீங்கள் பார்த்துவிடுங்கள். அவரால் குனிந்து பார்க்க முடியாது. வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். எரிச்சலுக்கு வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது, சூடு தெரியாமல் கொப்புளித்துவிடும். ஏற்கெனவே புண் இருந்தால் அது ஆறும்வரை நடைப்பயிற்சி இல்லை. உட்கார்ந்து செய்யும் பயிற்சி மட்டும்.

முழங்கால் வலி கூடியதற்கும் மணல்தான் காரணமாக இருக்கும். உலர்ந்த மணலில் நடக்க, கெட்டித் தரையில் அதே வேகத்தில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். இளைஞனுக்கு அது நல்ல பயிற்சி. தேய்ந்த மூட்டுக்குப் பாரம். அலையோரம் கெட்டியாக இருக்கும்தான், ஆனால் சரிவு. ஒரு கால் எப்போதும் பள்ளத்தில்.

சரி, எங்கே நடப்பது? சமமான தெரு போதும். கூச்சமாக இருந்தால் வீட்டு முற்றம், மொட்டை மாடி. மாடித் தரை பிற்பகல் அஸர் தொழுகை நேரத்திலும் கொதித்துக்கொண்டிருக்கும் என்பதால் அங்கேயும் செருப்போடுதான். முக்கால் மணி நேரத்தை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்பதும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியைக் கேட்கிறது. அதைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தும் சேர்க்கலாம். உங்கள் உம்மாவுக்கு நான் சொல்வது மூன்று வேளையும் சாப்பிட்டு அரை மணி நேரத்தில் ஒரு 15 நிமிட நடை. சுகர் ஏறும் நேரத்தில் நடப்பதால் ஏற்றம் மட்டுப்படும், தாழ்ந்துபோகும் பயமும் குறைவு. 2013இல் அமெரிக்காவில் முதியவர்களிடம் செய்த ஓர் ஆய்வில், இப்படி மூன்று முறை நடந்தது காலையில் ஒரே தடவையாக 45 நிமிடம் நடந்ததற்கு ஈடான பலன் தந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகருக்கு இன்னும் நல்ல பலன். பத்தே பேர் கலந்துகொண்ட சிறிய ஆய்வுதான், ஆனாலும் இவரைப் போன்றவர்களுக்கு நடைமுறையில் ஒத்துவருகிறது. 2023 நவம்பரில் மாவட்டம்தோறும் அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ பாதை 8 கிலோமீட்டர். அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

வேகத்துக்கு நாடித் துடிப்பை எண்ணாதீர்கள். அட்டினோலால் துடிப்பைக் குறைத்துக் காட்டும். லாத்தாவோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும்.

முழங்காலுக்கு நடையைவிட முக்கியம் தொடைத் தசை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்துவது, பிறகு மற்றக் கால். நாற்காலியிலிருந்து கையூன்றி மெதுவாக எழுந்து உட்காருவது. சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது. ஒவ்வொன்றும் பத்துத் தடவை, வாரத்தில் இரண்டு மூன்று நாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தால் பிரஷர் எகிறும், வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். செய்யும்போது லேசான வலி இருந்தால் பயமில்லை. மறுநாளும் வலி தங்கினால் எண்ணிக்கையைக் குறைக்கவும். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் நிறுத்திவிட்டுக் காட்டவும். தொழுகைக்கு நாற்காலி வைத்துக்கொள்ளட்டும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் பாரம் சுமார் நாலு கிலோ குறையும் என்று அவரிடம் சொல்லுங்கள். கேட்டதும் சோற்றுத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பயிற்சிகளைச் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க ஆள் வேண்டுமென்றால், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் கேளுங்கள்.

நம் பக்கம் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வடியுமே தவிர உலராது, உலராவிட்டால் உடம்பு குளிராது. தெர்மாமீட்டர் காட்டுவதைவிடக் களைப்பு அதிகமாக இருப்பது இதனால்தான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் போகும்போது காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும்படி வரட்டும்; களைத்த பிறகு எதிர்க்காற்று வேண்டாம். குடிப்பதற்குத் தண்ணீர் போதும். நன்னாரி சர்பத்தும் பதநீரும் நடந்து இறக்கிய சுகரை ஏற்றிவிடும். சிறுநீரகக் கோளாறு இருப்பதாகச் சொல்லியிருந்தால் இளநீருக்கும் டாக்டரைக் கேட்க வேண்டும்.

ரமலானில் நோன்பு வைப்பார் என்றால், மாதம் பிறக்குமுன்பே மாத்திரை நேரத்தை மாற்றி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நோன்பு திறக்குமுன் இருக்கும் கடைசி மணி நேரங்களில் நடை வேண்டாம். இரவில் தொழும் தராவீஹ் தொழுகையே அன்றைய உடற்பயிற்சி. சுகர் 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை முறித்துவிட வேண்டும்.

பிரஷர் 180/110க்கு மேல் இருக்கும் நாளில் பயிற்சி கிடையாது. நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கமில்லாத மூச்சுத் திணறல் வந்தால் உடனே 108. பல வருடச் சுகர்காரர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலும் வரும். மூச்சு வாங்குவதும் வியர்ப்பதும் மட்டும் இருக்கும். அதனால் போன வாரம் நடந்ததைச் சுகர் என்று நாமாக முடிவு கட்டிவிடாமல் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். அதே நாளில் பாதத்தின் உணர்ச்சியை நைலான் இழையால் தொட்டுச் சோதிப்பது, கண்ணின் விழித்திரைப் பரிசோதனை, பி12 மூன்றையும் கேட்டு வாங்குங்கள். விழித்திரையில் ரத்தக்கசிவு இருந்தால் பாரம் தூக்குவதும் தலையைக் கீழே தொங்கவிடும் பயிற்சிகளும் கூடாது. அட்டினோலாலைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு அதை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்; திடீரென்று நிறுத்தினால் பிரஷரும் நெஞ்சு வலியும் சட்டென்று கூடும். வேறு மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.