அம்பாசிடரா, கான்டெஸாவா?

கேள்வி: 1978 அம்பாசிடர் மார்க் 3, 1994 கான்டெஸா கிளாசிக் 1.8 பெட்ரோல், இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வருகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு கோயில் குளம் போகத்தான். அம்பாசிடர் சாமான் எல்லாம் கான்டெஸாவுக்கும் சேரும், வின்டேஜ் நம்பரும் (பழங்கால வண்டிக்கான தனிப் பதிவு) வாங்கித் தருகிறேன் என்கிறார் புரோக்கர். எதை எடுக்கலாம்? (வாசகர், ஈரோடு)

சேரும் என்பது பாதி உண்மை. புரோக்கர் பிழைப்பே அந்தப் பாதியில்தான் நடக்கிறது. இரண்டும் இந்துஸ்தான் மோட்டார்ஸ் வண்டிதான். ஆனால் இரண்டும் வெவ்வேறு பிரிட்டிஷ் கார்களின் வாரிசு: அம்பாசிடர் 1950களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, கான்டெஸா 1970களின் வாக்ஸ்ஹால். கான்டெஸாவின் 1.8 இசுசு இன்ஜின் பிற்கால அம்பாசிடரிலும் வந்ததால் இன்ஜின் சாமானுக்குத் திண்டாட்டம் குறைவு. கண்ணாடி, கதவு, பின்விளக்கு? அம்பாசிடருக்கு டாக்ஸி புண்ணியத்தில் கிடைக்கும், 2014 வரை வந்த வண்டி. கான்டெஸா 2002லேயே நின்றுவிட்டது. முன்கண்ணாடி உடைந்தால் சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் தவம் கிடக்க வேண்டியதுதான்.

ஓட்டச் சுகம் கான்டெஸாதான். பின்னால் காயில் ஸ்பிரிங், மேடுபள்ளத்தில் மிதக்கும். அம்பாசிடர் லீஃப் ஸ்பிரிங், தூக்கிப் போடும்.

எதைப் பார்த்தாலும் ரிவர்ஸ் போட்டு உடனே ஃபர்ஸ்ட் மாற்றுங்கள். அடியில் 'டக்' என்றால் ஜாயிண்ட் கிராஸ் (பின்சக்கரத்துக்குப் போகும் தண்டின் இணைப்பு) தேய்ந்திருக்கிறது, சின்னச் செலவு. ஐம்பதில் போகும்போது ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்சீட்டுக்கு அடியில் ஊளைச் சத்தம் வந்தால் கிரவுன் பினியன், அதாவது பின் ஆக்சிலில் உள்ள பல்சக்கரங்கள், தேய்ந்திருக்கிறது. விலையை நன்றாகக் குறையுங்கள். அப்புறம், துணி சுற்றிய காந்தத்தைக் கதவுக்குக் கீழ்ப்பட்டியில் வையுங்கள். ஒட்டாமல் விழுந்தால் உள்ளே தகடு இல்லை, துருவை மறைக்கப் பூசிய புட்டிதான்.

இந்த வின்டேஜ் நம்பர் கதையை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். 2021 விதிப்படி முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்ட வேண்டும். கான்டெஸா வந்ததே 1984ல்! உங்கள் அம்பாசிடருக்கும் 2028 ஆகும். அப்போதும் அசல் இன்ஜின் இருக்க வேண்டும். டீசல் மாற்றியிருந்தால் போச்சு. சரி, கிடைத்தே விட்டது என்று வையுங்கள். கண்காட்சி, ரேலி மாதிரி காரியங்களுக்குத்தான் எடுக்கலாம். வாராவாரம் கோயிலுக்குப் போக அந்த நம்பர் எதற்கு?

உங்களுக்குத் தேவை சாதாரண ஆர்சி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு. அதற்கான கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022ல் 5,000 ஆனது. 20 வயதைத் தாண்டிய காருக்கு 2025ல் 10,000. ஞாயிறு மட்டும் ஓடும் வண்டிக்கும் அதேதான். பணம் கட்டிய பிறகும் நான் ஆர்டிஓ ஆபீஸுக்கு மூன்று முறை அலைந்தேன். ஒரு நாள் சர்வர் இல்லை, ஒரு நாள் அதிகாரி இல்லை, கடைசியில் சேசிஸ் நம்பரைப் பென்சிலில் தேய்த்த தாள் தெளிவாக இல்லையாம்.

அம்பாசிடரை எடுங்கள். கண்ணாடி, விளக்கு எல்லாம் முழுசாக இருந்தால் மட்டும் கான்டெஸாவை யோசிக்கலாம். எதுவானாலும் கையெழுத்து மட்டும் போட்ட வெற்று 29, 30 படிவங்களை (பெயர் மாற்றப் படிவங்கள்) நீட்டினால் வாங்காதீர்கள். ஆர்சியில் பெயர் உள்ளவர் நேரில் வரட்டும், அதற்கு முன் அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.