ரேகை விழாவிட்டால் அரிசி இல்லையா?

கேள்வி: பனையோலைக் கொட்டான் (கூடை) முடைந்து தேய்ந்த விரல்கள் அம்மாவுக்கு. ரேஷன் கடையில் ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, காரைக்குடி வட்டாரம்

பதில்: தமிழ்நாட்டு ரேஷனின் பெரிய பலம், வறுமைக்கோட்டைக் காட்டி யாரையும் வெளியே நிறுத்தாதது. மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி இலவசம். கோளாறு கடைவாசலில்தான். ஈரமோ ஓலைத்தூசியோ இருந்தாலும் ரேகை விழாது. கையைக் கழுவித் துடைத்து, பத்து விரலையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் விழாவிட்டால் கண் கருவிழிப் பதிவைக் கேளுங்கள். ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிப்பதும் நல்லது.

நடக்க முடியாதவரென்றால் கடையிலேயே அங்கீகாரப் படிவம் வாங்கி, பொருள் வாங்கி வருபவர் பெயரை எழுதிக் கொடுங்கள். மறுத்தால் வட்ட வழங்கல் அலுவலரிடம் மனு, அல்லது 1967 என்ற புகார் எண்ணுக்கு அழைப்பு. வாங்காத பொருளுக்கு குறுஞ்செய்தி வந்தால் அதை அழிக்காதீர்கள். புகாருக்கு அதுவே சான்று.