கரும்பு நிலம் கட்டட நிலமாகும்போது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வெருலம் தொடங்கி ஸ்டாங்கர் வரை, தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் வடக்குக் கடற்கரையிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே சங்கதி. பக்கத்துக் கரும்பு நிலத்தில் கடை, அலுவலகம், அடுக்கு வீடு எல்லாம் கலந்து கட்ட அனுமதி கேட்டு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஊர் இரண்டுபட்டுக் கிடக்கிறது. நகரமைப்பு வேலையில் வயதைக் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெருலம் வாசகி: எங்கள் பகுதியில் 400 பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டோம். போதுமா?

போதாது அம்மா. 'எங்களுக்கு வேண்டாம்' என்ற ஒற்றை வரிக்குக் கீழே எத்தனை கையெழுத்து இருந்தாலும் அதில் எடைபோட ஒன்றும் இருக்காது. 2013-ஆம் ஆண்டின் நிலத் திட்டச் சட்டம், அதாவது அதிகாரிகள் வாயில் 'ஸ்ப்லூமா', 2015 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்த விண்ணப்பங்களை முடிவுசெய்யும் முனிசிபல் திட்டத் தீர்ப்பாயம் எதையெல்லாம் கணக்கில் எடுக்கவேண்டும் என்று அதிலேயே சொல்லியிருக்கிறது: பொதுநலன், பாதிக்கப்படுவோரின் உரிமைகள், தண்ணீர், சாக்கடை, சாலை போன்ற வசதிகளின் இன்றைய நிலை, சமூக வசதிகள், திறந்தவெளி. நல்ல விளைநிலத்தைக் காப்பதில் தனிக் கவனம் வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் கொள்கைதான். உங்கள் கடிதம் இந்த விஷயங்களைத் தொட்டுப் பேசவேண்டும்.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட்டின் நீர்ச்சுத்திகரிப்பு நிலையம் நாசமாகி, மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்காக வாளியோடு காத்திருந்தோம். அப்படிப் பட்டுத் தெரிந்தவர்கள் கேட்கவேண்டிய கேள்வி இது: இத்தனை வீட்டுக்கு நாளொன்றுக்கு எத்தனை கிலோலிட்டர் தேவை, அது எந்தத் தொட்டியிலிருந்து, எந்தக் குழாய் வழியாக வரும்? கழிவுநீர் எந்த நிலையத்துக்குப் போகும், அங்கே இன்னும் இடம் இருக்கிறதா? வளாகத்துக்குள் போடும் குழாயும் சாலையும் விண்ணப்பதாரர் செலவு. வெளியே ஓடும் பெருங்குழாய் முனிசிபாலிட்டியின் பொறுப்பு. அந்தப் பெருங்குழாய்க்கு எந்த வருட பட்ஜெட்டில் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், 'குழாய் போட்டு முடியும்வரை ஒரு வீட்டிலும் குடியேற்றக்கூடாது' என்பதை நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

நிபந்தனை என்றால் அனுமதி உத்தரவில் எழுதப்பட்ட நிபந்தனை. பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளி மண்டபத்தில், பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம் தருவோம் என்று டெவலப்பர் சொன்னபோது எல்லாரும் கைதட்டினோம். அதை உத்தரவில் சேர்க்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்று அந்த இடம் கார் நிறுத்துமிடம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கிறது.

டொங்காட் வாசகர்: முனிசிபாலிட்டி நோட்டீஸ் ஒன்று, சுற்றுச்சூழல் நோட்டீஸ் ஒன்று. ஒன்றுக்குப் பதில் போட்டால் போதாதா?

இரண்டுக்கும் போடுங்கள் ஐயா. இரண்டும் வேறு வேறு வழக்கு மாதிரி. 1998 ஏப்ரல் 1-க்குப் பிறகு விவசாயத்துக்குப் பயன்பட்ட நிலத்தில் வீடு, கடை முதலியன கட்டுவதானால், நகர எல்லைக்கு வெளியே 1 ஹெக்டேருக்கு மேலும், உள்ளே 5 ஹெக்டேருக்கு மேலும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. பாதிக்கப்படும் நபர் என்று உங்கள் பெயரைப் பதிந்துகொண்டால் அறிக்கை உங்களுக்கும் வரும், கருத்துச் சொல்ல 30 நாள் கிடைக்கும். இதுபோக, விவசாய நிலத்தைத் துண்டுபோட 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய வேளாண் அமைச்சரின் சம்மதமும் வேண்டும். அந்தச் சம்மதம் கேட்டாயிற்றா என்று விசாரியுங்கள். பல இடங்களில் கோப்பு அங்கேதான் தூங்குகிறது.

ஸ்டாங்கர் வாசகர்: பக்கத்து நிலம் மாறினால் என் ஐந்து ஏக்கர் கரும்புக்கும் ரேட்ஸ், அதாவது முனிசிபல் சொத்து வரி, ஏறிவிடுமா?

பயிர் வைக்கும்வரை உங்கள் நிலம் விவசாயச் சொத்துதான். அதன் வரிவிகிதம் வீட்டுக்குரிய விகிதத்தில் கால் பங்கைத் தாண்டக்கூடாது. ஆனால் சந்தை மதிப்பு ஏறும், அதோடு கட்டும் தொகையும் ஏறும். புதிய மதிப்பீட்டுப் பட்டியல் வெளியானால் குறைந்தது 30 நாள் ஆட்சேபத்துக்குத் திறந்திருக்கும். அதைத் தவறவிடாதீர்கள்.

உம்ஹ்லாலி வாசகி: கரும்புக்கு நடுவே எங்கள் மாரியம்மன் கோயில் இருக்கிறது. தாத்தா, ஆயா சமாதியும் அங்கேதான். பத்திரம் எங்கள் பெயரில் இல்லை.

இந்தக் கடிதத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் வந்து நின்றதிலிருந்து, நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக எஸ்டேட் மண்ணில் தகரம் போட்டும் களிமண் பூசியும் கட்டிய கோயில்கள் எத்தனையோ. பத்திரம் யார் கொடுத்தார்கள்!

ஆனாலும் நீங்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை அம்மா. பிறர் நிலத்தில் இருக்கும் குடும்பச் சமாதிக்குப் போகவும் அதைப் பராமரிக்கவும் 1997-ஆம் ஆண்டின் குடியிருப்புப் பாதுகாப்புச் சட்டம் உரிமை தருகிறது. உரிமையாளர் நியாயமான நிபந்தனை மட்டும் போடலாம். பொது இடுகாட்டுக்கு வெளியே இருக்கும் 60 வருடம் தாண்டிய சமாதியை அனுமதியில்லாமல் யாரும் தொடமுடியாது. 60 வருடம் தாண்டிய கட்டடத்தை இடிப்பதற்கும் மரபுரிமை அனுமதி வேண்டும். நம் மாகாணத்தில் அதைப் பார்ப்பது 'அமாஃபா' என்ற மரபுரிமை அமைப்பு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தின் பயன்பாட்டு மண்டலத்தை (விவசாயம், வீடு, கடை என்ற வகையை) மாற்றும்போது மரபுரிமை அதிகாரிகளுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும்.

இந்த வாரமே படம் எடுங்கள், சமாதிகளை எண்ணி எழுதுங்கள், ஆடிக் கூழ் ஊற்றிய பழைய போட்டோக்களைத் தேடுங்கள், வயதானவர்களின் வாக்குமூலத்தை வாங்குங்கள். பிறகு வேலி மட்டும் கேட்காதீர்கள். கோயில் தனி மனையாகப் பிரிக்கப்பட்டு வழிபாட்டு இடமாகக் குறிக்கப்படவேண்டும். அதற்குப் போகும் வழியுரிமை பத்திரத்தில் பதிவாகவேண்டும். வேலி போட்டபின் வழி அடைபட்ட கோயில்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதே எஸ்டேட்டில் குடியிருக்கும் வயதான தொழிலாளர்களையும் உங்கள் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், தமிழரோ ஜூலுவோ. நீதிமன்ற உத்தரவில்லாமல் அவர்களை வெளியேற்ற முடியாது. அங்கேயே பத்து வருடம் இருந்து 60 வயதானவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு.

பெயர் வெளியிட விரும்பாதவர்: குறைந்த விலை வீடுகளும் கட்டுகிறார்களாம். அந்த ஜனங்கள் வந்தால் எங்கள் வீட்டு மதிப்பு விழும். எப்படி எழுதினால் தடுக்கலாம்?

இதற்கு நான் எழுதிக் கொடுக்கமாட்டேன் தம்பி. 1950-இல் இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்த இனப்பகுதிச் சட்டம் வந்தபிறகு டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து நம் குடும்பங்களைப் பெயர்த்து எடுத்தவர்களும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். இடம்சார்ந்த நீதி, அதாவது ஒதுக்கப்பட்டவர்களுக்கும் நிலத்தில் இடம் என்பது, இன்றைய நிலத் திட்டச் சட்டத்தின் முதல் கொள்கை. தீர்ப்பாயத்தில் உங்கள் காரணம் எடுபடவும் செய்யாது. சாலை நெரிசல் பற்றியோ பள்ளியில் இடமில்லாதது பற்றியோ எழுதுங்கள், கூட நிற்கிறேன். வருகிறவர்களுக்கும் அதே பள்ளி தேவை.

பாலிட்டோ வாசகர்: அனுமதி கொடுத்துவிட்டார்கள். எல்லாம் முடிந்ததா? எங்கள் கவுன்சிலர் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

தீர்ப்பாயத்தில் கவுன்சிலர் யாரும் உறுப்பினராக முடியாது, ஆகவே அவர் வாக்கை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாளுக்குள் முனிசிபல் மேலாளருக்கு எழுத்தில் மேல்முறையீடு போகவேண்டும். சுற்றுச்சூழல் அனுமதிக்கு 20 நாள்தான், கணக்கு தனி. உத்தரவின் நகலை வாங்கி நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள்: தனியாகக் கெடு குறிப்பிடாத நிபந்தனை ஐந்து வருடத்துக்குள் நிறைவேறாவிட்டால் அனுமதியே காலாவதியாகிவிடும். உத்தரவு வந்த தேதியைக் காலண்டரில் இன்றே குறித்துவையுங்கள்.