பட்டுப்பாவாடையா, பனியனா? பிள்ளைகளோடு விமானம் ஏறுகிறவர்களுக்குக் கேள்வி பதில்

எனக்குக் காவேரிப்பட்டணம். வீட்டுக்காரருக்குப் பதினோரு வருடமாக வளைகுடாவில் வேலை. மூத்தவளை இரண்டு வயதில் முதல்முறை கூட்டிப்போனேன், மற்ற இருவரையும் கைக்குழந்தையாகவே தூக்கிப்போனேன். இப்போது பதிமூன்று, எட்டு, மூன்று வயது. முழுப் பரீட்சை லீவுக்குப் பயணம் வைத்திருக்கிறவர்கள் கேளுங்கள் என்றேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் உங்கள் குழந்தை டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

பர்கூரிலிருந்து ஒரு தங்கச்சி: அக்கா, எட்டு மாதக் குழந்தையோடு முதல் தடவை துபாய் போகிறேன். அப்பா முதன்முதலில் பிள்ளையைப் பார்க்கப் போகிறார், பட்டுச் சட்டை, கொலுசு, வெள்ளி அரைஞாண் எல்லாம் போட்டுத்தான் அனுப்புவேன் என்கிறார் மாமியார். என்ன செய்வது?

மாமியாரோடு சண்டை வேண்டாம். பட்டுச் சட்டையை ஒரு கவரில் போட்டுக் கைப்பையிலேயே வையுங்கள். துபாயில் இறங்கி, பெட்டி வருகிற வரைக்கும் நிற்கிற நேரத்தில் மாட்டிவிட்டு அப்பாவிடம் கொடுங்கள். போட்டோவும் நன்றாக வரும்.

என் மூத்தவளுக்கு நான் வீட்டிலேயே பட்டுப்பாவாடை கட்டித்தான் கிளம்பினேன். சூளகிரி தாண்டுவதற்குள் வாந்தி. ஈரத்துணியால் துடைக்கத் துடைக்கப் பட்டு சுருங்கியதே தவிர வாடை போகவில்லை. விமான நிலையத்தில் சோதனைக் கதவைத் தாண்டினால் கொலுசு கத்துகிறது. திருகு இறுகிப் போய்க் கழற்றவும் வரவில்லை. பெண் காவலர் பொறுமையாகக் கைக்கருவியால் பார்த்து அனுப்பினார், ஆனால் பின்னால் நின்ற வரிசையின் பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே அளவுகோல்தான். இருக்கையில் உட்கார்ந்தபடியே, ஒற்றைக் கையால், இந்தச் சட்டையைக் கழற்ற முடியுமா? முடியாது என்றால் அது விமானத்துக்கான சட்டை இல்லை. கைக்குழந்தைக்கு முன்பக்கம் டிச் பட்டன் வைத்த முழுக்கைப் பருத்திச் சட்டை, தளர்ந்த எலாஸ்டிக் பேன்ட், சாக்ஸ். போதும். இடுப்பு தளர்வாக இருக்கட்டும் என்பதற்குக் காரணம் உண்டு. மேலே போனதும் உள்ளே காற்றழுத்தம் குறையும், கிட்டத்தட்ட ஊட்டியில் உட்கார்ந்திருப்பது மாதிரி. வயிற்றில் இருக்கிற வாயு விரியும், இறுக்கமாக இருந்தால் குழந்தை காரணம் தெரியாமல் அழும். நைலான், பளபளப்பு ஃபிராக் வேண்டவே வேண்டாம். தீ பிடிக்கிற மாதிரி அவசரம் ஏதாவது வந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கறுப்புக் கயிறு இருக்கட்டும், வெள்ளி அரைஞாணை மட்டும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். கையில் கட்டின வசம்பு வளையத்தையும்தான். வசம்பு கத்தாது, ஆனால் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டால் அங்கே யார் ஓடிவருவது?

தர்மபுரியிலிருந்து ஒருவர்: நாலு வயசுப் பையனுக்குக் கார் என்றாலே வாந்தி. எத்தனை மணிக்குக் கிளம்பலாம், எங்கே உடை மாற்றலாம்?

நம் ஊர்க்காரர்களுக்கு விமானத்தை விட ரோடுதான் பெரிய பயணம். தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி ஏறக்குறைய 50 கிலோமீட்டர், அங்கிருந்து பெங்களூரு 90. அதோடு முடிந்ததா? விமான நிலையம் நகரத்துக்கு அந்தப் பக்கம் தேவனஹள்ளியில். இன்னும் 35, 40 கிலோமீட்டர், அதுவும் நகர நெரிசலுக்குள். வெளிநாடு என்றால் மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். ஆக, வீட்டை விட்டுக் கிளம்புவதற்கும் விமானம் கிளம்புவதற்கும் நடுவில் எட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காருக்கு ஒரு உடை, விமானத்துக்கு ஒரு உடை. காரில் போட்டிருப்பது பழைய பனியனும் டவுசரும்தான், போனால் போகட்டும் என்று விட்டுவிடக்கூடிய துணி. விமான நிலையத்தில் இறங்கியதும் முகம் கழுவி மாற்றிவிடுங்கள். கிளம்புவதற்கு முன்னால் வயிறு முட்டப் பாலும் இட்லியும் கொடுக்காதீர்கள். கொஞ்சமாகக் கொடுங்கள், மிச்சத்தை ஓசூரில் பார்த்துக்கொள்ளலாம். வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் இரண்டாம் முனையத்திலிருந்துதான் போகின்றன, டிரைவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தவறான வாசலில் இறங்கி மூன்று பெட்டியோடு நடப்பது பிள்ளைகளுக்குத் தண்டனை.

உள்நாட்டுப் பயணம் என்றால் ஓமலூர் பக்கம் இருக்கிற சேலம் விமான நிலையத்தையும் பாருங்கள். 2023 அக்டோபரில் மறுபடி விமானங்கள் வர ஆரம்பித்தன. நீங்கள் போகிற ஊருக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நடுவில் தொப்பூர் கணவாய் வரும். வாந்திக் கவர் கையிலேயே இருக்கட்டும்.

ஊத்தங்கரைத் தம்பி: அக்கா, ஒன்றரை வயசுப் பாப்பா. காது வலிக்கும் என்கிறார்களே? தூங்க வைக்கிற சளி சிரப் கொஞ்சம் கொடுத்தால் நிம்மதியாகப் போகலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

சிரப் வேண்டாம் தம்பி. அந்த மாதிரி மருந்து சில குழந்தைகளைத் தூங்க வைப்பதற்குப் பதிலாக ஆட்டம் போட வைக்கும். அது கூடப் பரவாயில்லை, மூச்சைப் பாதிக்கலாம் என்பதுதான் பயம். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நாலு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்லியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நம்மோடு விமானத்தில் வரப்போவதில்லை.

காது அடைப்பது அழுத்தம் மாறுவதால். விழுங்கினால் திறந்துகொள்ளும். ஏறும்போதை விட இறங்கும்போதுதான் வலி அதிகம், தரை தொடுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்னாலிருந்தே இறங்க ஆரம்பித்துவிடும். அந்த நேரத்துக்குத் தாய்ப்பாலோ பாட்டிலோ தயாராக இருக்கட்டும். தூங்குகிற குழந்தை குறைவாகத்தான் விழுங்கும், அதனால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு எழுப்பிவிடுங்கள். சளி பிடித்திருந்தால் போவதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு தடவை காதைக் காட்டிவிடுங்கள்.

பாலக்கோட்டிலிருந்து ஓர் அம்மா: பத்து மாதமும் நாலு வயதுமாக இரண்டு பேர். சிங்கப்பூர் போகிறோம். கையில் என்ன, பெட்டியில் என்ன? எத்தனை பேம்பர்ஸ்?

இந்தக் கேள்வி கேட்டதற்கு உங்களைக் கட்டிப்பிடிக்கலாம்.

நான் துணியைத் துணியாக அடுக்குவதில்லை, விபத்து வாரியாக அடுக்குவேன். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் ஒன்றில் ஒரு சட்டை, ஒரு பேன்ட், ஒரு பேம்பர்ஸ், நாலு ஈரத் துடைப்பான். வாந்தியோ கழிச்சலோ வந்தால் அந்தக் கவரை மட்டும் எடுத்துக்கொண்டு பாத்ரூம் போகலாம். அழுக்குத் துணி அதே கவருக்குள் போய் மூடிக்கொள்ளும். பத்து மாதத்துக்கு மூன்று கவர், நாலு வயதுக்கு இரண்டு. கவரின் மேல் பெயர் எழுதிவிடுங்கள், விளக்கு அணைந்த பிறகு எது யாருடையது என்று தடவிக்கொண்டிருக்க வேண்டாம். அப்புறம் எல்லோரும் மறக்கிற ஒன்று: உங்களுக்கும் ஒரு டாப்ஸ் வையுங்கள். குழந்தை வாந்தி எடுப்பது உங்கள் மேல்தான். நாலு மணி நேரம் அந்த வாடையோடு உட்கார்ந்து பார்த்தவள் சொல்கிறேன்.

பேம்பர்ஸைப் பறக்கிற நேரத்தைப் பார்த்து எண்ணாதீர்கள். பாலக்கோட்டு வாசற்படியிலிருந்து சிங்கப்பூர் வீட்டு வாசற்படி வரை எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அதற்கு மேல் மூன்று. பதினாலு மணி நேரம் என்றால் பத்து.

வெளிநாட்டு விமானத்தில் கையில் கொண்டுபோகிற தண்ணீர், கிரீம், எண்ணெய் எல்லாம் 100 மில்லிக்கு மேற்படாத பாட்டிலில்தான் இருக்க வேண்டும். குழந்தையின் பால், உணவு, மருந்துக்கு மட்டும் பயணத்துக்குத் தேவையான அளவுக்கு விலக்கு உண்டு. அவற்றைத் தனிப் பையில் மேலாகவே வைத்து, கேட்பதற்கு முன்னால் எடுத்துக் காட்டிவிடுங்கள். பால் பவுடரை வேளைக்கு ஒரு டப்பாவாக அளந்து கொண்டுபோங்கள். வெந்நீர் விமானத்தில் கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் கொதிக்கக் கொதிக்க வரும், ஆற வைக்க நேரம் விட்டு முன்னாலேயே கேளுங்கள். உள்ளே காற்று ரொம்ப வறண்டிருக்கும், ஈரப்பதம் 20 சதவீதம் கூட இருக்காது. சின்ன டப்பியில் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு உதட்டில் தடவிவிடுங்கள்.

பெட்டியில் போடுகிற துணியை இவனுக்கு ஒரு பெட்டி, அவளுக்கு ஒரு பெட்டி என்று பிரிக்காதீர்கள். எல்லாப் பெட்டியிலும் எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கட்டும். ஒருமுறை எங்கள் பெட்டி ஒன்று இரண்டு நாள் கழித்து வந்தது. நடுப்பையனின் துணி மொத்தமும் அதில்தான். இரண்டு நாளும் அக்காவின் நைட் டிரெஸ்ஸில் திரிந்தான், இன்றைக்கும் அந்தப் போட்டோவை எடுத்தால் கோபம் வரும்.

கிருஷ்ணகிரி: இரட்டைக் குழந்தைகள், ஒரு வயது. நானும் கணவரும் ஆளுக்கொன்றாக மடியில் வைத்துப் பக்கத்துப் பக்கத்தில் உட்காரலாமா?

பெரும்பாலும் விடமாட்டார்கள். ஒரு பக்க வரிசையில் இருக்கைகளின் எண்ணிக்கையை விட ஆக்சிஜன் முகமூடி ஒன்றுதான் கூடுதலாக இருக்கும். மடிக்குழந்தை இரண்டானால் ஒன்று குறையும். நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று கேட்டு வாங்குங்கள். முக்கியமாக, பையை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். எல்லாம் ஒரே பையில் இருந்தால் நடைபாதையைத் தாண்டிப் பேம்பர்ஸ் பறக்கும்.

அரூரிலிருந்து ஒரு பெரியவர்: கண்ணு, ஜனவரியில பேரனோட டில்லி போறோம். ஆறு வயசு. ஏற்காடு போறப்போ போட்ட ஸ்வெட்டர் இருக்கு, போதுமா?

போதாதுங்க அய்யா. டில்லி ஜனவரி ராத்திரியில் ஐந்தாறு டிகிரிக்குக் கூட இறங்கும், மூடுபனியில் விமானம் தாமதமாவதும் சகஜம். ஒரே தடிப்பான கோட்டு வாங்குவதை விட அடுக்கடுக்காகப் போடுங்கள்: உள்ளே உடம்போடு ஒட்டின தெர்மல், அதற்கு மேல் முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் உங்கள் ஏற்காடு ஸ்வெட்டர், கடைசியில் காற்றுப் புகாத ஜாக்கெட். அரூரில் கிளம்பும்போதே எல்லாவற்றையும் மாட்டினால் பையன் வெந்துவிடுவான். தெர்மலை விமான நிலையத்தில் மாட்டலாம். ஜாக்கெட், குல்லா, கையுறை கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டுவிட்டால் இறங்கினதும் கிடைக்காது. உங்களுக்கும் ஒரு குல்லா எடுத்துக்கொள்ளுங்கள் அய்யா, பேரனை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ஓசூர்: எட்டு வயசுப் பையன் தனக்குத் தனிப் பை வேண்டும் என்கிறான். கொடுக்கலாமா?

கொடுங்கள். அரை மணி நேரம் அவனே தூக்கி நடக்கிற எடைதான் இருக்க வேண்டும், இல்லையென்றால் அது உங்கள் பை. கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அவன் தூங்கின பிறகு ஒருமுறை திறந்து பாருங்கள். என் பையன் ஜியாமெட்ரி பாக்ஸைக் கவராயத்தோடு வைத்திருந்தான். கூர்முனை என்பதால் அதைப் பெட்டியில் போட்டேன். பொம்மைத் துப்பாக்கி கைப்பையில் கூடாது. தீபாவளிப் பொட்டு வெடி எந்தப் பையிலும் கூடாது, அது வெடிபொருள் கணக்கு. பவர் பேங்க் வைத்திருந்தால் நேர்மாறு, அது கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. சட்டைப் பையில் உங்கள் போன் நம்பர் எழுதின சீட்டு ஒன்று. லேஸ் கட்டுகிற ஷூ வேண்டாம், ஒட்டுகிற பட்டை வைத்தது வாங்குங்கள்.

பென்னாகரத்திலிருந்து ஓர் அம்மா: பெரிய பெண்ணுக்குப் பன்னிரண்டு. இன்னும் வயசுக்கு வரவில்லை, எந்நேரமும் ஆகலாம். பதினைந்து நாள் பயணம். பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம், அவளிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், அது போதும். சின்னப் பையில் இரண்டு நாப்கின், ஒரு உள்ளாடை, ஒரு கவர். அதை அவளுடைய பையிலேயே வையுங்கள், உங்கள் பையில் அல்ல. இருக்கை எங்கே விழும் என்று தெரியாது. அடர் நிறத்தில் தளர்ந்த பேன்ட், நீளமான டாப்ஸ். இந்த வயதில் ஜீன்ஸ்தான் போடுவேன் என்பாள், ஐந்து மணி நேரம் மடங்கி உட்கார்ந்தால் அவளே மாற்றிக்கொள்வாள். என் மூத்தவளோடு இதில் மூன்று தடவை வாதாடித் தோற்றேன், நாலாவது தடவை அவளாகவே பருத்திப் பேன்ட்டை எடுத்து வந்தாள்.

தேன்கனிக்கோட்டை: தள்ளுவண்டி கொண்டுபோகலாமா?

கொண்டுபோங்கள். பல விமானங்களில் கைக்குழந்தையின் வண்டிக்குக் காசு இல்லை, விமான வாசல் வரை தள்ளிப்போய் ஒப்படைக்கலாம். மடங்குவதாக இருக்கட்டும்.

மத்தூர்: பாப்பாவுக்கு ஒரு வருஷம் பதினொன்றரை மாதம். என்ன அத்தாட்சி வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும், நீல நிறப் பால ஆதாரும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாடு என்றால் பாப்பாவுக்கும் பாஸ்போர்ட் தனியாக வேண்டும். அதை விட முக்கியம்: திரும்பி வருகிற தேதிக்கு இரண்டு வயது முடிந்துவிடும் என்றால் அந்தப் பயணத்துக்குத் தனி இருக்கை வாங்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே சொல்லுங்கள்.

காரிமங்கலம்: சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா அக்கா? அங்கே இருக்கிற அண்ணன் பிள்ளைகளுக்கு மாம்பழமும் கேட்கிறார்கள். அமெரிக்கா.

பிள்ளைகள் சாப்பிட இட்லி, பொடி தடவினது, கவலையில்லாமல் கொண்டுபோங்கள். சட்னி, சாம்பார், தயிர்ச்சாதம் வேண்டாம். ஊறுகாய் பெட்டிக்குள், இரண்டு கவர் சுற்றி. இறங்குவதற்குள் கையில் இருக்கிற சாப்பாட்டைத் தீர்த்துவிடுங்கள். மாம்பழம் மட்டும் விட்டுவிடுங்கள். செந்தூரா ஆனாலும் மல்கோவா ஆனாலும் பயணி கையில் கொண்டுவரும் பழத்தை அங்கே உள்ளே விடமாட்டார்கள், சொல்லாமல் கொண்டுபோனால் அபராதம். அண்ணன் பிள்ளைகளை அடுத்த மே மாதம் இங்கே வரச் சொல்லுங்கள், தோட்டத்திலேயே உட்கார்ந்து சாப்பிடட்டும்.