குறுக்கெழுத்துப் புத்தகம்: ‘கொ’ இரண்டு கட்டமாக உடைகிறதா?

குடியாத்தம் நண்பருக்கு வணக்கம். குறுக்கெழுத்துப் புத்தகங்களை மூன்று பாகமாக நீங்களே வெளியிடப் போவதாகவும், மென்பொருளில் ‘கொ’ இரண்டு கட்டமாக உடைவதாகவும் எழுதியிருந்தீர்கள். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் ககரத்துக்கு ஒரு குறியீடு, ஒகரக் குறிக்கு இன்னொன்று. ஆங்கிலத்துக்காகச் செய்த மென்பொருள் அதை இரண்டாகத்தான் எண்ணும். பேசாமல் எக்செல்லில் கட்டம் போட்டுக் கையாலேயே நிரப்புங்கள். ‘வேலூர்’ என்றால் வே, லூ, ர், மூன்றே கட்டம். நேரம் பிடிக்கும், ஆனால் தமிழ்ப் புதிருக்கு இதுதான் சரி.

புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் (ISBN) எண்ணுக்கு யாரிடமும் காசு கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. பாகத்துக்கு ஒரு எண் வாங்க வேண்டும்.

அப்புறம், வேலூரில் அச்சுக்குக் கொடுக்கும்போது 64 பக்கம், நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்தது என்று கேளுங்கள். புத்தகம் நன்றாக விரியும், எழுத வசதி. தாளில் பேனாவால் கிறுக்கித் திருப்பிப் பாருங்கள். மை பின்பக்கம் தெரிந்தால் அந்தத் தாள் வேண்டாம்.