பக்கத்து இலை

வணக்கம் ஐயா,

சென்ற மாதம் எங்கள் வீட்டுக் காதுகுத்துக்குக் கல்லூரி நண்பனை அழைத்திருந்தேன். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். பெரியப்பா வந்து ஊர், தெரு எல்லாம் விசாரித்துவிட்டு, "தம்பி, நீங்க கடைசிப் பந்தியில உட்காருங்க" என்றார். அவன் எழுந்து போய்விட்டான். நான் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கை மட்டும் அன்று சாப்பிடவில்லை. மனதளவில் நான் சாதிக்கு எதிரானவன். ஆனால் வாய் திறக்கத் தைரியம் வரவில்லை. அது எங்கிருந்து வரும்? புத்தகம் ஏதாவது சொல்வீர்களா? குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்து விலகிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

புத்தகம் எதுவும் சொல்லப் போவதில்லை. வாட்ஸப் குழுவில் இருந்தாலும் ஒன்றுதான், விலகினாலும் ஒன்றுதான். ஆனால் "மனதளவில்" என்ற சொல்லை இனி எழுதாதீர்கள். உங்கள் மனதில் இருந்தது உங்கள் நண்பருக்கு எப்படித் தெரியும்? அவர் பார்த்தது நீங்கள் தலை குனிந்திருந்ததைத்தான்.

திட்டுவதற்காக மட்டும் எழுதவில்லை. இதையேதான் கொஞ்ச நாளாக நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். போன மாதம் கேரளத்தில் இருக்கும் வைக்கம் போய், மகாதேவர் கோயிலைச் சுற்றி நடந்தேன். ஆட்டோ போகும் சாதாரணத் தெருக்கள். நூறு வருடத்துக்கு முன், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஈழவரும் புலையரும் இவற்றில் நடக்கக் கூடாது என்று பலகை நட்டிருந்தார்கள். கோயிலுக்குள் போவதல்ல, தெருவில் நடப்பதே குற்றம்.

வைக்கம் என்றதும் நமக்குப் பெரியார்தான். இந்தத் தடையை எதிர்த்து அங்கே நடந்த போராட்டத்தில் அவர் இரண்டு முறை சிறை சென்றார். அது எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது அந்தப் போராட்டத்தை நடத்திய விதம். மூன்று மூன்று பேராகப் போனார்கள். 1924 மார்ச் 30 அன்று முதலில் போனவர்கள் குஞ்ஞாப்பி, பாகுலேயன், கோவிந்தப் பணிக்கர். ஒருவர் புலையர், ஒருவர் ஈழவர், ஒருவர் நாயர். நாயருக்கு அந்தத் தெருவில் எந்தத் தடையும் கிடையாது. தனியாகப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் மற்ற இருவரை விட்டு நகரவில்லை. மூவரும் கைதானார்கள். அடுத்து இன்னும் மூவர். பிறகு அரசு கைது செய்வதை நிறுத்திவிட்டு வேலி போட்டது. வேலிக்கு முன்னால் உட்கார்ந்து ராட்டை சுற்றினார்கள். அந்த வருடம் வெள்ளம் வந்தபோது தண்ணீருக்குள் முறை வைத்து நின்றார்கள். போலீஸ் படகில் இருந்து காவல் காத்தது. இப்படி 603 நாட்கள். அத்தனைக்குப் பிறகும் கோயிலின் மற்ற தெருக்கள்தான் திறந்தன, கிழக்குத் தெரு திறக்கவில்லை.

சினிமாவில் ஒருவன் எழுந்து வசனம் பேசினால் சபையே வாயடைத்துப் போகும். அதைப் பார்த்துப் பார்த்துத் தைரியம் என்றால் தனியாள் சமாச்சாரம் என்று நினைத்துவிட்டோம். வைக்கத்தில் பக்கத்தில் யார் வருவார் என்பது கிளம்பும் முன்பே முடிவாகியிருந்தது.

எங்கள் பாட்டி, வேலைக்கு வரும் அம்மாளுக்குக் கொல்லையில் நிற்க வைத்து உயரத்திலிருந்து கையில் தண்ணீர் ஊற்றுவாள். ஒருநாள் என் அம்மா அவருக்கு எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொண்டுபோனாள். கை நடுங்கி டவராவும் டம்ளரும் கடகடவென்று அடித்துக்கொண்டன. எதிர்வீட்டு டீச்சரை அந்த நேரத்துக்கு அம்மாதான் வரச்சொல்லி உட்கார வைத்திருந்தாள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத் தெரிந்தது. வெளியாள் முன்னால் பாட்டி சத்தம் போட மாட்டாள் என்ற கணக்கு. பாட்டி அந்த டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தாள். மறுநாள் அம்மா அதிலேயே எனக்குக் காப்பி ஊற்றினாள்.

சரி, உங்கள் தங்கை சாப்பிடவில்லை என்று ஒரே வரியில் எழுதித் தாண்டிப் போய்விட்டீர்களே! அவளிடம் பேசினீர்களா? முதலில் நண்பர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள். போனில் வேண்டாம். மறுபடி உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வருவதும் வராததும் அவர் இஷ்டம், வற்புறுத்தாதீர்கள். அப்புறம் பெரியப்பாவிடம், தங்கையையும் கூட்டிக்கொண்டு போய், விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நண்பர் வந்தால், அவருக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் தங்கை. யாராவது எழுப்ப வந்தால் மூன்று இலையையும் மூடிவிட்டு எழுந்திருங்கள்.

அன்புடன்.